முதல் பத்தடி

ட்ரெய்லர் வாங்கும் யோசனையில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் குதிரைசக்தியை முதலில் சொல்வார்கள். அடுத்த மூச்சில் மைலேஜ். இரண்டையும் கேட்டுக்கொண்டு, "வண்டி எங்கெங்க நின்னு கெளம்பும், மொதலாளி?" என்பேன். பலருக்கு இந்தக் கேள்வியே புரியாது. ஓடுகிற வண்டியைப் பற்றிப் பேச வந்தவரிடம் நிற்கிற வண்டியைப் பற்றிக் கேட்டால் அப்படித்தான் இருக்கும். கியர்பாக்ஸ் பிரித்தே தலை நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அறுபது கிலோமீட்டர் வேகத்தில் டாப்பில் போகும் வண்டி எந்த பாக்ஸையும் கெடுப்பதில்லை. லோடோடு நின்ற வண்டி நகரத் தொடங்கும் முதல் பத்தடியில்தான் கிளச் கருகுகிறது, பல் அடிவாங்குகிறது, ஷாஃப்ட் முறுக்கிக்கொள்கிறது. சாதா கியரா, ஆட்டோமேட்டிக்கா என்பதையும் அந்தப் பத்தடியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதைப் படிக்கத் திண்டிவனத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. சென்னையிலிருந்து வரும் ஜி.எஸ்.டி. ரோடு இங்கே பிரிகிறது. ஒரு கை விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கும், ஒரு கை புதுச்சேரிக்கும், இன்னொரு கை செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்கும் போகிறது. கிழக்கே மரக்காணத்தில் உப்பளம். தெற்கே வானூர், திருவக்கரைப் பக்கம் கல் குவாரிகளும் கிரஷர்களும். விழுப்புரத்தை ஒட்டி முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை. வடக்கே ஒரகடத்துத் தொழிற்சாலைகளிலிருந்து இறங்கும் கன்டெய்னர்கள். இவற்றுக்கு நடுவே திருச்சி பெல் நிறுவனத்தின் பாய்லர் சரக்கும், தென்கோடிக்குப் போகும் காற்றாலை இறக்கைகளும் நெடுநீள வண்டிகளில் ராத்திரியில் ஊர்ந்து போகும். எல்லாம் ஒரே சாலைதான். ஆனால் இந்த வண்டிகள் நின்று கிளம்பும் இடம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது. அதனால் இவற்றுக்கு வரும் நோயும் வேறு வேறு.

நான் தொழில் படித்தது எண்பதுகளில், விழுப்புரத்தில். தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்துக்குத் தலைமையிடமாக இருந்த ஊர் என்பதால் அங்கே மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் டிப்போ வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஷெட் போட்டவர். அப்போது பழைய லேலண்டு வண்டிகளில் சிங்க்ரோ இல்லாத கான்ஸ்டன்ட் மெஷ் பாக்ஸ். கியர் இறக்க வேண்டுமானால் கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளச்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளச் மிதித்துப் போட வேண்டும். இந்த டபுள் கிளச் தெரியாதவன் கையில் வண்டி கொடுத்தால், நாலு தெருவுக்கும் கேட்கிற மாதிரி பல் கத்தும். டாடா வண்டிகளில் சிங்க்ரோ பாக்ஸ் வந்ததும் அந்தச் சத்தம் குறைந்தது. ஆனால் கிளச் பிளேட் வியாபாரம் குறையவில்லை. பல்லைக் காப்பாற்ற ஒரு கருவி வந்துவிட்டது. கிளம்பும்போது உரசுகிற கிளச்சைக் காப்பாற்ற ஒன்றும் வரவில்லை என்பது எங்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அதன் பிறகு லோடு ஏறிக்கொண்டே போனது. பத்துச் சக்கரம் பன்னிரண்டாகி, பதினான்காகி, பதினாறானது. ட்ரெய்லர் என்றால் துறைமுகத்து வண்டி என்றிருந்தது போய், எங்கள் ஊர் ஆட்களே வாங்கத் தொடங்கினார்கள். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பாரத்தின் வரம்பை உயர்த்தியபோது, இழுவை வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த மொத்த எடை 49 டன்னிலிருந்து 55 டன் ஆனது. ஐந்து கியர் ஆறாகி, ஒன்பதாகி, இன்றைக்குப் பன்னிரண்டு கியரில் வந்து நிற்பது சொகுசுக்காக இல்லை. என்ஜின் ஒன்றுதான், அது நன்றாக இழுக்கும் சுற்று வேகமும் குறுகலானது. லோடு ஏற ஏற, அந்தக் குறுகிய இடத்திலேயே என்ஜினை வைத்திருக்கப் படிகள் அதிகம் வேண்டியிருக்கிறது.

வாங்க வருகிறவர்களுக்கு நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். 55 டன் வண்டி, பத்துக்கு ஒன்று ஏறும் சரிவில் நிற்கிறது என்று வையுங்கள். சரிவுக்கு மட்டும் ஐந்தரை டன் இழுப்பு வேண்டும். டயர் உருளுவதற்கு, நல்ல தாரிலேயே இன்னொரு அரை டன். ஆக ஆறு டன். என்ஜின் 1,000 நியூட்டன் மீட்டர் முறுக்கு தருகிறது, முதல் கியர் விகிதம் 8, கிரவுன் பினியன் விகிதம் 5, சக்கரத்தின் ஆரம் அரை மீட்டர், வழியில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு சேதாரம் என்று கொண்டால், டயரில் கிடைப்பது ஏழு டன்னுக்குச் சற்றுக் குறைவு. தேவை ஆறு, கையிருப்பு ஏழு. போதுமே என்று தோன்றும். ஆனால் கிளச் பிடிக்கும் நேரத்தில் என்ஜின் முழு முறுக்கில் இருக்காது. டிரைவர் ஆக்சிலரேட்டரை ஏற்றி, கிளச்சைப் பாதியில் பிடித்து வைப்பான். அந்த மிச்ச ஒரு டன்னைத் தேடும் போராட்டத்தில்தான் பிளேட் எரிகிறது. அதே வண்டியில் விகிதம் 12 உள்ள கிராலர் கியர் இருந்தால் பத்து டன்னுக்கு மேல் கிடைக்கும். கிளச்சைச் சட்டென்று விட்டுவிடலாம். இப்போது அதே 55 டன்னை ரயில்வே மேம்பாலத்தில் வையுங்கள். அங்கே சரிவு முப்பதுக்கு ஒன்று. தேவை இரண்டேகால் டன்தான். எந்த பாக்ஸும் சிரித்துக்கொண்டே ஏறும். பைபாஸில் மட்டும் ஓடும் வண்டிக்கும் குவாரிக்குள் இறங்கும் வண்டிக்கும் ஒரே பாக்ஸ் எதற்கு என்ற கேள்விக்கு இந்தக் கணக்கே பதில்.

தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகு கொஞ்ச காலமும் 'பாக்ஸ் மாத்துறது' எங்கள் ஷெட்டில் பெரிய வேலை. ஆறு கியர் வண்டியில் லோடு ஏற்றி நொந்தவர், விஜயவாடா ஆட்டோ நகரில் பழைய ஒன்பது கியர் பாக்ஸ் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து இறக்குவார். அதை அப்படியே ஏற்றிவிட முடியாது. பெல் ஹவுசிங் பொருந்த வேண்டும். இன்புட் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் எண்ணிக்கை கிளச் பிளேட்டோடு ஒத்துப்போக வேண்டும். கிளச்சே 352 மில்லியிலிருந்து 395 மில்லிக்குப் போனால் ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் மாறும். புது பாக்ஸ் நீளமாக இருப்பதால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைச் சுருக்கி பேலன்ஸ் பார்க்க வேண்டும். ரேஞ்ச் மாற்றக் காற்று லைன் இழுக்க வேண்டும். எல்லாம் செய்து முடித்தால் வண்டி மேட்டில் பிரமாதமாக ஏறும். கொஞ்ச நாளில் கிரவுன் பினியன் பல் உடைந்து திரும்பி வரும். காரணம் எளிது. முன்னால் முறுக்கைப் பெருக்கினால் பின்னால் இருப்பவன் தாங்க வேண்டும். என்ஜின், கிளச், பாக்ஸ், ஷாஃப்ட், ஆக்சில் எல்லாம் ஒரே சங்கிலி. ஒரு கண்ணியைப் பருமனாக்கினால் அடுத்த மெல்லிய கண்ணி அறும்.

ஆட்டோமேட்டிக் விஷயத்துக்கு வருகிறேன். இன்று லாரி உலகத்தில் இந்த ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு விற்கிறது. வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

முதலாவது ஏ.எம்.டி. உள்ளே இருப்பது நாம் பழகிய அதே பல் சக்கரங்கள், அதே உலர்ந்த கிளச் பிளேட். கிளச்சை மிதிக்கும் காலுக்கும் கியரைத் தள்ளும் கைக்கும் பதிலாகக் காற்றழுத்த சிலிண்டர்கள். எப்போது மாற்றுவது என்று தீர்மானிக்க ஒரு கம்ப்யூட்டர். டாடா, லேலண்டு, பாரத் பென்ஸ், வால்வோ என்று எல்லோரும் இந்த வகையை விற்கிறார்கள். டீசல் சேதாரம் குறைவு. நல்ல டிரைவர் ஓட்டினால் என்ன கிடைக்குமோ அது சுமாரான டிரைவரிடமும் கிடைக்கும்.

இரண்டாவது டார்க் கன்வர்ட்டர் வைத்த முழு ஆட்டோமேட்டிக். ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் அலிசன் இந்த வகைக்குப் பேர்போனது. இதில் என்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவே உரசும் பிளேட் கிடையாது, எண்ணெய்தான் இருக்கிறது. இரண்டு மேஜை ஃபேன்களை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிட்டால் மற்றதும் சுற்றுமே, அதுதான் தத்துவம். காற்றுக்குப் பதில் எண்ணெய். நடுவே எண்ணெயைத் திருப்பிவிட ஒரு ஸ்டேட்டர். வண்டி நின்ற நிலையில் கிளம்பும்போது இது என்ஜின் முறுக்கைச் சுமார் இரண்டு மடங்காக்கித் தரும். ஓட்டம் பிடித்ததும் லாக்-அப் கிளச் இரண்டையும் பூட்டிவிடும். இந்த யோசனை லாரிக்காகப் பிறந்தது இல்லை. 1905இல் ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் கப்பல் டர்பைனின் வேகத்தைப் ப்ரொப்பெல்லருக்கு ஏற்றபடி குறைப்பதற்குக் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கியது. கப்பலுக்குச் செய்தது, சாலையில் பஸ்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் சுரங்க டம்பருக்கும் வந்து சேர்ந்தது.

இந்த இரண்டையும் முதல் பத்தடியில் வைத்துப் பாருங்கள். ஏ.எம்.டி. அந்தப் பத்தடியில் பிளேட்டைத்தான் உரசுகிறது. கால் உரசினாலும் காற்று உரசினாலும் சூடு ஒன்றுதான். கன்வர்ட்டரிலோ சூடு எண்ணெய்க்குப் போகிறது. எண்ணெய் அதைக் கூலரில் கொண்டுபோய்க் கொட்டுகிறது.

கன்டெய்னர் ஓட்டும் முதலாளி ஒருவர் என் வாடிக்கையாளர். ஒரகடத்தில் ஏற்றினால் தூத்துக்குடியில்தான் இறக்கம். வழியில் நிற்பது சுங்கச்சாவடியிலும் சாப்பாட்டுக் கடையிலும்தான். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு சுங்கச்சாவடி வரிசையும் பெரும்பாலும் சுருங்கிவிட்டது. பொங்கல், தீபாவளிக்கு மட்டும் பரனூரும் விக்கிரவாண்டியும் பழைய முகத்தைக் காட்டும். இவருக்கு ஏ.எம்.டி. கச்சிதம். டிரைவர் மாறினாலும் மைலேஜ் மாறவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய நிம்மதி.

அதே வகை வண்டியைக் கரும்புக்கு ஓட்டிய இன்னொருவர், சீசன் பாதியிலேயே கிளச் வாசனையோடு வந்து நின்றார். ஆலை வாசலில் கரும்பு வண்டி வரிசை எப்படி நகரும் என்று பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. முன்வண்டி ஒரு முழம் நகர்ந்தால் இவரும் ஒரு முழம் நகர்கிறார். ஒவ்வொரு முழத்துக்கும் முழு லோடோடு ஒரு கிளம்பல். "ஆட்டோமேட்டிக்குதானே மேஸ்திரி, அதுவே பாத்துக்காதா?" என்றான் டிரைவர் பையன். "அது கியரத்தான் பாக்கும் தம்பி, முன்னாடி நிக்கிற வண்டிய பாக்காது" என்றேன். மூன்று வண்டி நீளம் இடம் விழும்வரை பொறுத்திருந்து ஒரே தடவையாக நகரச் சொன்னேன். சரிவில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியைப் பிடித்து வைக்கும் பழக்கத்தை விடச் சொன்னேன்; பிரேக் எதற்கு இருக்கிறது? பிளேட் மாற்றிய பிறகு அந்த வண்டி அந்தக் குறையோடு திரும்பி வரவில்லை.

குவாரிக் கதை வேறு. பள்ளத்திலிருந்து மேலே வரும் பாதை மண்ணும் ஜல்லியும். தாரில் அரை டன்னாக இருந்த உருளும் எதிர்ப்பு அங்கே இரண்டு மூன்று மடங்காகும். கியர் மாற்றும்போது ஒரு நொடி இழுப்பு அறுந்தாலும் வண்டி நின்றுவிடும். ஏ.எம்.டி. தானாகக் கியர் மாற்ற நினைப்பது இங்கேதான் ஆபத்து. மேட்டுக்கு முன்பே மேனுவல் மோடில் போட்டு, ஒரே கியரில் ஏற வேண்டும். கன்வர்ட்டர் பாக்ஸில் இழுப்பு அறாமலேயே கியர் மாறும். சுரங்க டம்பர்கள் பலவும் இந்த வகையை நம்பியிருப்பது அதனால்தான். விலை அதிகம், டீசலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். நாள் முழுக்கப் பள்ளத்துக்குள்ளேயே கிடக்கும் டிப்பருக்கு அந்த விலை கட்டுப்படியாகும். பள்ளத்தில் ஒரு தடவை ஏறி, பிறகு நாள் முழுக்கப் பைபாஸில் ஓடும் வண்டிக்குக் கட்டுப்படியாகாது.

நெடுநீளச் சரக்கை இழுக்கும் புல்லர் வண்டிகள் எல்லாவற்றுக்கும் மேல். அங்கே பத்தடியே பெரிய தூரம். அங்குலக் கணக்கில் நகர்த்த வேண்டும். வால்வோ 2016இல் தன் ஐ-ஷிஃப்ட் பாக்ஸில் கூடுதல் கிராலர் கியர்களைச் சேர்த்து, 325 டன் வரை நின்ற நிலையிலிருந்து கிளப்பலாம் என்று அறிவித்தது இந்த வேலைக்காகத்தான். ஐரோப்பாவில் சில கனரக வண்டிகளில் சாதா பல் பாக்ஸுக்கு முன்னால் ஒரு கன்வர்ட்டரை மட்டும் வைப்பார்கள். கிளம்பும்போது எண்ணெய், ஓடும்போது பல் என்ற ஏற்பாடு. முதல் பத்தடிக்குத் தனியாக ஒரு கருவியே செய்துவிட்டார்கள்.

பாக்ஸை வாங்கியாயிற்று, இனி அதைக் காப்பது. சாதா பாக்ஸுக்கும் ஏ.எம்.டி.க்கும் கியர் ஆயில். கன்வர்ட்டர் பாக்ஸுக்கு அதற்கே உரிய ஆட்டோமேட்டிக் ஆயில். இதை மாற்றி ஊற்றினால் வண்டியை எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். கன்வர்ட்டரில் எண்ணெய்ச் சூடு சம்ப்பில் 120 டிகிரியைத் தொட்டால் வண்டியை ஓரங்கட்டி, நியூட்ரலில் போட்டு, என்ஜினைக் கொஞ்சம் ஏற்றி ஓடவிட வேண்டும். பயந்துபோய் என்ஜினை அணைத்தால் பம்ப் நின்று, கூலருக்கு எண்ணெய் போவதும் நின்றுவிடும். எண்ணெய் அளவையும் சூட்டில்தான் பார்க்க வேண்டும்.

ஏ.எம்.டி.யில் கோளாறு என்று வரும் வண்டிகளில் நான் முதலில் பல்லைத் தேடுவதில்லை. காற்றையும் வயரையும் தேடுவேன். ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜ் காலம் கடந்திருந்தால் காற்று லைனில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். சோலனாய்டு வால்வு இறுகி, கியர் விழாது. மரக்காணத்து உப்பு லாரிகளில் கனெக்டர்களில் பச்சை பூத்துக் கிடக்கும். அதைத் துடைத்து, அடைத்துக் கொடுத்தாலே பாதிக் கேஸ் முடிந்துவிடும். பாக்ஸ் மாற்ற வேண்டும் என்ற மதிப்பீட்டோடு என்னிடம் வந்து, ஒரு கனெக்டர் செலவோடு திரும்பிய வண்டிகளும் உண்டு.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணை பொங்கி, அரசூரில் தேசிய நெடுஞ்சாலையே மூழ்கியது. அதற்கப்புறம் என் பட்டறைக்கு வந்த பாக்ஸ்களில் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தது. சூடான பாக்ஸ் தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். பிரீதரில் ஒரு குழாய் மாட்டி உயரத்துக்கு ஏற்றிவிட்டால் போதும். சில நூறு ரூபாய் வேலை. கடலோர மாவட்டத்தில் ஓடும் எந்த வண்டிக்கும் நான் சொல்லும் முதல் 'அப்கிரேடு' இதுதான்.

அப்கிரேடு என்ற பேச்சு இப்போது இளைஞர்களிடம் அதிகம். அமெரிக்காவில் டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் பெரிய கன்வர்ட்டர், கூடுதல் கிளச் பிளேட், என்ஜின் ட்யூனிங் என்று மாற்றுவதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே 2001லேயே செவர்லே பிக்கப்பில் அலிசன் பாக்ஸ் போட்டு விற்றார்கள். சொந்தப் படகையும் வீட்டு வண்டியையும் இழுக்கிறவர்களின் உலகம் அது. இங்கே நிலைமை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து பதிவு விவரம் மாறும்படி வண்டியைத் திருத்த விடுவதில்லை. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் என்ஜின் கம்ப்யூட்டரும் பாக்ஸ் கம்ப்யூட்டரும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். அந்நிய பாக்ஸைச் செருகினால் பேச்சு நின்றுவிடும். வண்டி லிம்ப் மோடில் முடங்கும். ஆகவே நான் சொல்வது சின்னச் சின்ன வேலைகள்: கம்பெனி அனுமதிக்கும் பெரிய ஆயில் கூலர், தரமான சிந்தெடிக் ஆயில், சூடு காட்டும் மீட்டர், வேலைக்கேற்ற சாஃப்ட்வேர் செட்டிங். வாங்கும்போதே ரியர் ஆக்சில் விகிதத்தைக் கேட்டு எடுப்பது இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. பின்னால் மாற்ற நினைத்தால் செலவு கையைக் கடிக்கும்.

டிரைவர்களின் மனசையும் சொல்லியாக வேண்டும். "வண்டி யோசிக்குது மேஸ்திரி" என்பதுதான் ஏ.எம்.டி. மீது பழைய ஆட்கள் வைக்கும் குற்றச்சாட்டு. ஓவர்டேக்கில் மிதித்தால் அது கணக்குப் போட்டு முடிப்பதற்குள் எதிரே பஸ் வந்துவிடுகிறது என்பார்கள். உண்மைதான். மேனுவல் மோடைப் பழகினால் அந்தக் குறை பெருமளவு தீரும். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது இன்னொரு பழைய பழக்கம். தொப்பூர் கணவாயில் அப்படி உருட்டினால் என்ஜின் பிரேக் போய்விடும். முழுப் பாரத்தையும் சக்கர பிரேக்கே தாங்க வேண்டும், அது காய்ந்து கைவிடும். மற்றபடி, இருபது வருஷம் கிளச் மிதித்து இடது முட்டி போன டிரைவர்கள் யாரும் ஏ.எம்.டி.யிலிருந்து பழைய வண்டிக்குத் திரும்பி நான் பார்த்ததில்லை.

ஆகவே ஷோரூமுக்குப் போகுமுன் ஒரு வாரம் உங்கள் வண்டியோடு, அல்லது அதே லோடு அடிக்கும் வேறொருவர் வண்டியோடு போங்கள். முழு லோடில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நின்று கிளம்புகிறது, அதில் எத்தனை தடவை மேட்டில், எத்தனை தடவை மண்ணில் என்று எழுதுங்கள். கிளம்பல்கள் குறைவாகவும் தரை சமமாகவும் இருந்தால் ஏ.எம்.டி. போதும். அதிகமாகவும் மேடாகவும் இருந்தால் கிராலர் கியர் ஆழமாக உள்ளதைக் கேளுங்கள். நாள் முழுக்க அதே வேலை என்றால் கன்வர்ட்டருக்குக் காசு ஒதுக்குங்கள். அந்தத் தாளை விற்பனையாளர் முன் வையுங்கள். அதைப் படித்துப் பார்த்து ஆக்சில் விகிதத்தைப் பற்றி உங்களிடம் திருப்பிக் கேள்வி கேட்கிறவரிடம் வண்டி வாங்குங்கள். தாளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தவணைக் கணக்கை எடுப்பவரிடம் டீ மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.